சமய வகுப்புக்கு மூன்று அறைகள்

சிட்டுவின் பள்ளிக்கூடத்தில் சமய வகுப்பு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வாரத்தில் ஒரே ஒரு வகுப்பு, பரீட்சை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. மாடியில் இருந்த பெரிய அறையில் எல்லாப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைத்து, சமய சார் என்று ஊரே கூப்பிட்ட ஒரு மனுஷர் கதை சொல்வார். இந்த வாரம் ஒருத்தர் கடவுள் என்றால் அடுத்த வாரம் இன்னொருத்தர் கடவுள். அந்தந்த வீட்டுப் பிள்ளையையே எழுப்பி, "உங்க வீட்டுல எப்படிக் கும்பிடுவீங்க, நீயே சொல்லு" என்பார். ஒரு பயல், "எங்கப்பா கண்ணை மூடினா அப்படியே தூங்கிடுவார் சார்" என்று சொல்ல, அறையே விழுந்து விழுந்து சிரித்ததை சிட்டு வீட்டில் வந்து நடித்துக் காட்டியிருக்கிறாள்.

சிட்டு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். சின்ன உடம்பு, ஓயாத வாய். அவள் அப்பா லிப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிப்ட் பாதியில் நின்றால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா கண்ணாடிக் கடையில் பின்பக்க மேஜையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அவன் ஒரு சமயம், அவள் வேறு சமயம். கல்யாணம் பண்ணிக்கொண்டபோது இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வாடகை வீட்டுக்கு வந்த முதல் நாள், நாற்காலிகூட இல்லாத வெறும் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். உன் பக்கத்ததும் வேண்டாம், என் பக்கத்ததும் வேண்டாம், பிள்ளை பிறந்து வளர்ந்தால் அதுவே முடிவு பண்ணிக்கொள்ளட்டும் என்று. மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமைகூட. கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்க வீட்டுல கடவுளுக்கே வாடகைக்கு இடம் இல்லைப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். பிள்ளைக்கு யார் எதைச் சொல்லிக் கொடுப்பது என்கிற கேள்வியை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. சமய சார்தான் சொல்லிக் கொடுக்கிறாரே என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

சமய சார் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். "என் பையன் குளிக்கும்போது அவங்க பிரார்த்தனையை முணுமுணுக்கிறான்" என்று ஒரு பக்கத்து அப்பா எழுந்து சொன்னார். "என் பொண்ணு எங்க சாமியும் அவங்க சாமியும் ஒண்ணாங்கிறா, வீட்டுப் பெரியவங்க முன்னாடி எனக்குத் தலை காட்ட முடியல" என்று மறுபக்கத்து அம்மா ஒருத்தி சொன்னாள். வாகனம் நிறுத்தும் இடத்தில் தொடங்கி ஒலிபெருக்கி வரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒத்துப்போனது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் சமயம், தனித்தனி அறை. கீழ்த்தளத்தில் இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டிலும் சேராத பிள்ளைகள் நூலக அறையில் உட்கார்ந்து ஏதாவது படிக்கட்டும். சொல்லிக் கொடுக்கவும் அந்தந்தப் பக்கமே ஆள் அனுப்பும். எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கின் மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேர் கையும் மடியிலேயே இருந்தது.

மறுநாள் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தார்கள். நல்ல அம்மா, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க நிலைமை எனக்குப் புரியுது. ஆனா நான் என்ன செய்ய? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, சேத்துக்கிறேன்."

"ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க உக்கார வைக்க முடியாதா?" என்று கேட்டான் மெக்கானிக்.

"அதுக்கு ரெண்டு பக்கமும் ஒத்துக்கணுமே. வேண்டாம். நூலகத்துல உக்காரட்டும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம."

சிட்டு நூலகத்தில் உட்கார்ந்தாள். அங்கே அவளோடு இருந்தது இன்னும் இரண்டே பிள்ளைகள், அதுவும் பெரிய வகுப்பு. அவர்கள் வாயைத் திறக்கவில்லை. நூலகக்காரர் அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறைகளிலிருந்து பாட்டுச் சத்தம் வந்ததாம், ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "அம்மா, நான் எதுவும் இல்லாதவளா?" என்று கேட்டாள்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அந்த அறைக்கே அதுதான் பேரு. எதுவும் இல்லாதவங்க அறை."

கொஞ்ச வாரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் யாரையும் கேட்காமல் எழுந்து, பெஞ்சுத் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போன அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அது அம்மாவின் சமயத்துக்கான அறை. சிட்டு அதை யோசித்துப் போனதாகத் தெரியவில்லை. தோழியின் பக்கத்தில் இடம் இருந்தது, அவ்வளவுதான். மெக்கானிக்கும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். "போகட்டும் விடு, தனியா உக்காந்து என்ன பண்ணுவா" என்று அவனேதான் சொன்னான்.

ஒரு காலையில் அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். சமையலறையில் சிட்டு வகுப்பில் கற்றுக்கொண்ட பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரியில் அவளுக்கு வார்த்தை மறந்துவிட்டது. அவள் அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே அந்த வரியை எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த வரியையும் பாடினாள். கடைசிவரை பாடினாள். சன்னமான, நடுங்காத குரல். சிட்டு வாயைப் பிளந்து கேட்டாள். மெக்கானிக் பாதி முகத்தில் சோப்போடு நின்றான். இவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறான். இந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை.

அன்றைக்கு ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிப்டின் மோட்டார் இருக்கும் அறையில் வேலை. பிரேக் கட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாத அவன் அண்ணன்.

"உன் பொண்ணு அந்த அறையில உக்காந்திருக்காளாமே."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன. உண்மைதானே?"

"சின்னப் பிள்ளை. சிநேகிதி கூடப் போய் உக்காந்திருக்கா."

"சின்னப் பிள்ளையிலதாண்டா எல்லாமே. ஒண்ணும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு உன்னை மட்டும் ஒண்ணுமில்லாதவனா ஆக்கிட்டு, அவ தன்னுதைப் பத்திரமா வச்சிருந்திருக்கா பாரு." அண்ணன் கோபமாகக்கூடப் பேசவில்லை. வருத்தமாகச் சொன்னான். அதுதான் உறைத்தது.

"வேலை இருக்கு, வைக்கிறேன்" என்று மெக்கானிக் வைத்துவிட்டான். வேலையில் கை ஓடவில்லை. மாட்டிய போல்ட்டையே கழற்றி மறுபடி மாட்டினான்.

வீட்டுக்கு வந்தவுடன் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தான். சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டான்.

"காலையில பாடின."

"ம். சிட்டு விட்டுட்டா, எடுத்துக் கொடுத்தேன்."

"முழுசாப் பாடின. இத்தனை வருஷமா அது உனக்கு ஞாபகம் வரலையா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அடுக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "தினமும் வந்துச்சு."

"என்ன?"

"தினமும் ஞாபகம் வந்துச்சு. கடையில லென்ஸ் தேய்க்கும்போது மனசுக்குள்ள பாடிக்குவேன். சத்தம் போடலை, அவ்வளவுதான். ஒப்பந்தம்னு சொன்னோமே."

"அப்ப இத்தனை நாளும் நடிச்சியா?"

"நான் ஏங்க நடிக்கணும்? உங்களுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பேர் நடிப்பா?"

"எனக்காகவா? நான் உன்னை மூடச் சொன்னேனா? நானுந்தான் எல்லாத்தையும் விட்டேன்."

"உங்களுக்கு விடறதுக்கு என்ன இருந்துச்சு?" என்றாள். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் அப்படிச் சொல்ல வரலைங்க."

அவள் சொன்னது பொய்யும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவன் கும்பிடப் போகச் சொன்னால் ஒளிந்துகொள்கிற பையன். ஆனால் தன்னிடம் எதுவும் இருந்ததில்லை என்று இன்னொருத்தர் சொல்லிக் கேட்பது வேறு மாதிரி இருந்தது. அந்த வார விடுமுறையில் அவன் தன் பக்கத்து ஆட்கள் கும்பிடுகிற இடத்துக்குப் போனான். எப்போது எழ வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்றே மறந்துபோயிருந்தது. முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். திரும்பி வந்து எங்கே போனேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டு வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். அப்பாவின் கோபத்துக்குத் தான்தான் காரணம் என்று சிட்டு கணக்குப் போட்டுவிட்டாள். அடுத்த சமய வகுப்பு மணி அடித்ததும் தோழியின் கையை விட்டுவிட்டு, எதிரே இருந்த அப்பா பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தாள். அங்கே பாடம் எடுக்க வந்தவர் ஓர் இளைஞர், மருந்துக் கடைக்காரர். அவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார்.

"அந்த அறையில நம்மளைப் பத்தி என்ன சொல்லிக் கொடுக்கிறாங்க?"

சிட்டுவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. "டீச்சர் ஒண்ணும் சொல்லல சார். ஒரு பையன்தான், நீங்கல்லாம் பொய்யைக் கும்பிடறீங்கன்னு சொன்னான். டீச்சர் அவனை உக்காரச் சொன்னாங்க."

சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுவதற்குள் அது, அந்த அறையில் டீச்சரே நம்மைப் பொய்யர்கள் என்று சொல்லிக் கொடுக்கிறாள் என்று ஆகிவிட்டது. தோழி ஓடிவந்து, "நீ எங்களைப் போட்டுக் கொடுத்தியா?" என்று கேட்டாள். சிட்டு நடந்ததை அப்படியே சொன்னாள். மருந்துக் கடைக்காரர் கேட்டதையும் சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பக்கமும் பற்றிக்கொண்டது. எங்கள் வகுப்பை வேவு பார்க்கப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்று.

அந்த வாரம் முழுக்கப் பள்ளி வாசலில் பெற்றோர்கள் இரண்டு கூட்டமாக நின்றார்கள். தோழியின் அம்மா, இனி அவள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வகுப்பில் சிட்டுவுக்கு 'ரெண்டுங்கெட்டான்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தேதான் வைத்தார்கள். அவள் வீட்டில் அதைச் சொல்லவில்லை. எதையும் நடித்துக் காட்டுகிற பிள்ளை, சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மாதான் சீருடையைத் துவைக்க எடுத்தபோது முதுகில் மையால் யாரோ அந்தப் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்தாள். சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. புருஷனிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"கூட்டம் போடச் சொல்றேன். நானே பேசறேன்" என்றான்.

"என்ன பேசுவீங்க?"

"மறுபடி எல்லாரையும் ஒரே அறையில உக்கார வைக்கச் சொல்லுவேன். சமய சார் காலத்துல எந்தப் பிள்ளை முதுகுலயாவது எவனாவது எழுதினானா?"

அவள் முகம் ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் தெளிந்தது. "நானும் வர்றேன். சேர்ந்தே போவோம்" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கூட்டம் அந்தப் பழைய மாடி அறையில்தான். நாற்காலிகளுக்கு நடுவே யாரும் சொல்லாமலே ஒரு வழி விட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். கணவனும் மனைவியும் சிட்டுவை நடுவில் நிறுத்திக்கொண்டு பின்சுவர் ஓரமாக நின்றார்கள். முன்வரிசையில் மெக்கானிக்கின் அண்ணன் இருந்தான். அவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றும் இல்லை.

தலைமை ஆசிரியை சொன்னதும் மெக்கானிக் முன்னால் போனான். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன்.

"என் பிள்ளை யாரையும் வேவு பாக்கல. கேட்டதுக்குப் பதில் சொன்னா. பழையபடி எல்லாரும் ஒண்ணா உக்காந்தா..." என்று ஆரம்பித்தான்.

"முதல்ல நீங்க எந்தப் பக்கம்? அதைச் சொல்லிட்டுப் பேசுங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்.

"நான் பொதுவாத்தான் பேசறேன்."

"பொதுவா பேச இங்க என்ன பஸ் ஸ்டாண்டா?" இரண்டு பக்கமும் சிரித்தது. "எந்தப் பக்கமும் இல்லாத ஆளு எங்க பிள்ளைங்க எப்படிக் கும்பிடணும்னு சொல்றதா? உக்காருய்யா."

உக்காரு, உக்காரு என்று பல குரல். அவன் உட்காரவில்லை. தன் பக்கத்து வரிசையைப் பார்த்தான். அங்கே மருந்துக் கடைக்காரர் இருந்தார், அண்ணன் இருந்தான், கும்பிடப் போன இடத்தில் பார்த்த முகங்கள் இருந்தன. இவர்களாவது கேட்கட்டும் என்றுதான் நினைத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னான்.

"நான் உங்க ஆள்தான். பொறந்ததிலேர்ந்து உங்க ஆள்தான். என் பிள்ளையும் நம்ம பிள்ளைதான். அந்த அறையில அவளை உக்கார வச்சது நான் இல்ல" என்றான்.

அந்த வரிசை சட்டென்று அமைதியானது. அண்ணன் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டான். "தம்பி பேசட்டும், கேளுங்க" என்றான். இப்போது பேசலாம் என்று மெக்கானிக் வாயைத் திறந்தபோது பின்சுவர் ஓரம் வெறுமையாக இருந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அதற்கப்புறம் அவன் ஏதோ பேசினான். ஒரே அறை வேண்டும் என்றும் சொன்னான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்ம பிள்ளையை நம்ம அறைக்குக் கொண்டு வந்துவிட்டான் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் சிட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"பேச விடணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும்."

"வேற எப்படித்தான் வாயைத் திறக்கிறது?"

"தெரியுதுங்க. நான் ஒண்ணும் கேக்கலையே." சீப்பை வைத்துவிட்டு, பின்னலைக் கட்டி முடித்தாள். "அந்த அறையில உக்கார வச்சது நான் இல்லைன்னீங்க. அப்ப நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சரி. இருக்கட்டும்."

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை, சண்டை போடவில்லை. காலையில் டப்பா கட்டினாள், அவன் சட்டையைத் தேய்த்து மாட்டினாள். ஆனால் அலமாரியின் மேல்தட்டில் தன் பக்கத்துக் கடவுளுக்கு ஒரு சின்ன விளக்கு வைத்தாள். அதை அவனிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. வேலைக்குப் போகும் முன் அதன் எதிரே நின்று வாய்விட்டுப் பாடினாள். அண்ணன் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். வந்தால் அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மெக்கானிக் வார விடுமுறை தவறாமல் கும்பிடப் போனான். எப்போது எழ வேண்டும், எப்போது குனிய வேண்டும் என்பது இப்போது பழகிவிட்டது. போய்விட்டு வந்தால் மனசு ஆறுகிறதா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. போகாமல் இருந்தால் அண்ணன் கேட்பான்.

பள்ளிக்கூடத்தில் சிட்டுவை மறுபடி நூலக அறைக்கே அனுப்பிவிட்டார்கள். "இந்தப் பிள்ளையால ரெண்டு பக்கமும் சங்கடம்" என்று தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பினாள். இவர்களும் எதிர்த்துப் பேசவில்லை. வேறு பள்ளிக்கூடங்களை விசாரித்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் தனித்தனி அறை வந்துவிட்டிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக் சிட்டுவைத் தன்னோடு வேலைக்கு அழைத்துக்கொண்டு போனான். புதுக் கட்டடம், சோதனை ஓட்டம். காலி லிப்டில் இரண்டு பேரும் மேலும் கீழும் போய் வந்தார்கள். முன்பெல்லாம் என்றால் ஒவ்வொரு மாடிக்கும் நூறு கேள்வி கேட்பாள். இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாறுகிற எண்களைப் பார்த்தபடி நின்றாள். நடுவில் ஒரு மாடியில் நிறுத்திவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"சிட்டு, அப்பாகிட்ட பயப்படாம சொல்லு. உனக்கு உண்மையிலேயே எது பிடிக்கும்? அம்மாவோடதா, அப்பாவோடதா? ரெண்டுமே பிடிக்கலைன்னாலும் சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க."

சிட்டு அவன் கண்ணை, வாயை, நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வினாத்தாளைப் படிக்கிறவள் மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"உன்னோடதுதான்ப்பா" என்றாள்.

நல்ல தெளிவான குரல். முந்தின நாள் சமையலறையிலிருந்து, "உன்னோடதுதான்ம்மா" என்று அதே குரல் அவன் காதில் விழுந்திருந்தது. அதற்கு அவள் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் தொடர்ந்தது. இவன் நிமிர்ந்து பித்தானை அமுக்கினான். லிப்ட் கீழே இறங்கியது. தரைத்தளத்தில் கதவு திறந்ததும் சிட்டு, "நல்லா ஓடுதுப்பா" என்று சிரித்துவிட்டு, அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.